இடது கன்னத்தின் சூடு

கண்ணை மூடு, வாயை மூடு, அரை மணி நேரத்துக்கு நீ கல்லு என்று ஜெசிந்தா அக்கா சொன்னதும் மூடிக்கொண்டேன். இனிமேல் பேச முடியாது. பேசினால் தாடை அசையும், அசைந்தால் அச்சு கெடும். பல் ஆஸ்பத்திரியில் பல்லுக்கு அச்செடுக்கிற பவுடரைத் தண்ணீரில் குழைத்து முகம் முழுக்க ஊற்றுவார்கள், அது கெட்டித் தயிர் மாதிரி உறைந்ததும் அதன் மேல் கை ஒடிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்து ஒட்டுவார்கள், இறுகியதும் மொத்தமாகக் கழற்றினால் உள்ளே என் முகம் குழியாக இருக்கும். அந்தக் குழியில் வார்த்தெடுத்த முகத்தின் மேல் களிமண்ணை அப்பித்தான் அக்கா ஜமீன்தாரைச் செய்யப் போகிறார். சாபம் வாங்கி அழுகிப்போகிற ஜமீன்தார். மூக்கு உள்ளே விழுந்து, புருவம் உதிர்ந்து, காது மடல் தடித்து, பார்த்ததும் ஜனம் தானாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார். ஏழு வருஷமாக நான் சினிமாவில் பேயாக நிற்கிறேன். ஒல்லி உடம்பு, முழங்காலைத் தொடுகிற கை, எந்தப் பேயானாலும் அரூர்க்காரப் பையனைக் கூப்பிடு என்பார்கள், மரத்தில் தொங்கியிருக்கிறேன், கிணற்றிலிருந்து ஏறி வந்திருக்கிறேன், ஒரு படத்திலும் பேர் போட்டதில்லை. இதில் பேர் உண்டு, ஐந்து வசனம் உண்டு, முப்பது நாள் வேலை உண்டு. காதில் பஞ்சை அடைப்பதற்கு முன்னால் அக்கா விதியைச் சொன்னார். மாவுக்கட்டு இறுகும்போது சூடு ஏறும். வலது கன்னம் சூடானால் வலது கை விரலைத் தூக்கு, இடது கன்னம் சூடானால் இடது கை விரலைத் தூக்கு, எந்தப் பக்கம் சூடு இறங்குதோ அந்தப் பக்கத்து விரலை இறக்கு, ரெண்டு விரலும் இறங்கினாத்தான் கழற்றுவேன், மூச்சு முட்டினால் மட்டும் முஷ்டியை மூடு, பிச்சு எறிஞ்சிடுறேன். கடிகாரத்தை நம்ப மாட்டார், தோலைத்தான் நம்புவார். அக்காவுக்கு உதவிக்கு இருக்கிற முபாரக் பாய் பவுடரைக் கலக்கிக்கொண்டே, தீர்த்தமலைன்னு பேர் வெச்சுக்கினு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம வந்து படுத்துக்கிறான் பாரு, நடுவுல மயக்கம் போட்டா அச்சுல நாக்கு வந்துரும் என்றார். நான் சிரித்தேன். சிரிக்காதே என்று அக்கா என் உதட்டை இரண்டு விரலால் மூடினார். அதோடு காதில் பஞ்சு. சாலிகிராமம் முழுக்க ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது போல் இருந்தது.

குழம்பு நெற்றியில் விழுந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி, ஐஸ் தண்ணீரில் கலக்குவார்கள், சீக்கிரம் உறையாமல் இருக்க. நெற்றியிலிருந்து மூக்குத் தண்டில் இறங்கி, மூக்குத் துளையைச் சுற்றி அக்காவின் விரல் ஒரு வட்டம் போட்டு வழிவிட்டது, பிறகு வலது கன்னத்தில் இறங்கியது, உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது, பாய் தோளைப் பிடித்து அமுக்கினார். இனி இடது கன்னம். காத்திருந்தேன். குளிருக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. கலக்கியது போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு கிண்ணம் கலக்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கழுத்தில் குளிர்ந்தது. தாடைக்குக் கீழே இடது பக்கமாக ஒரு சொட்டு ஓடிச் சட்டைக்குள் போனது, அது குளிர்ந்தது. ஆனால் கன்னம்? கன்னத்தை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போவார்களா? சொல்லிவிடலாமா, அக்கா இங்கே விட்டுப்போச்சு என்று, சொல்ல வாய் இல்லை. அப்போதுதான் அக்காவின் உள்ளங்கை இடது பக்கம் அழுந்தியது. பல் வரிசையில் தெரிந்தது, கன்ன எலும்பில் தெரிந்தது. அழுத்திவிட்டுக் கை போனது. ஆக, ஊற்றியாயிற்று. எப்போதோ ஊற்றியாயிற்று. நான்தான் இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். கம்மு, வேஷம் ஒட்டுகிற கம்மு ஒத்துக்கொள்ளாதது, அதனால்தான், என்று உடனே எனக்குள் ஒரு குரல் சொல்லிற்று, ரொம்பப் பழகின குரல். போன வருஷம் ஆடி மாதம் ஒரு படத்தில் நான்கு நாள் ஆலமரத்துப் பேயாக இருந்தபோது கன்னத்தில் மரப்பட்டையை ஒட்டினார்கள், கழற்றினபோது கன்னத்து மேட்டில் ஓர் ஐம்பது காசு அளவு வெளுத்திருந்தது. கம்மு அலர்ஜி என்றார் மேக்கப்காரர். பாயிடம் காட்டினேன், அவர் தன் மணிக்கட்டைக் காட்டினார், அங்கே ஏழெட்டுத் தழும்பு, ஒவ்வொரு கம்பெனிக் கம்மையும் முதலில் தன் கையில் தடவிப் பார்க்கிறவர், இது அந்தக் கம்மு, இது இந்தக் கம்மு என்று பதக்கம் மாதிரி வரிசையாகச் சொன்னார். அக்காவும் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விளக்கெண்ணெய் தடவு, மறைஞ்சிடும், எங்க தொழில்ல இது இல்லாத மூஞ்சி ஏது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, தொழிலில் சேர்ந்துவிட்ட மாதிரி. தினமும் தடவினேன். ஐம்பது காசு ஒரு ரூபாயாயிற்று, பிறகு எலுமிச்சம்பழம் அளவு. ஆனால் அலர்ஜி என்றால் அரிக்க வேண்டும் இல்லையா, பாய்க்கு ராத்திரியெல்லாம் அரிக்குமாம், சொறிந்து சொறிந்து ரத்தம் வருமாம். எனக்கு ஒரு நாளும் அரித்ததில்லை. அரிக்காத அலர்ஜி, நல்ல அலர்ஜி என்று சந்தோஷப்பட்டேன். ஷேவ் பண்ணும்போது அந்த இடத்தில் இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன், ரத்தம் பனியனில் விழுந்த பிறகுதான் தெரிந்தது, பிளேடு நல்ல பிளேடு என்று நினைத்தேன். எப்படியெல்லாம் நினைத்திருக்கிறேன். கொசு கூட அந்தப் பக்கம் கடிப்பதில்லை என்று அறைத்தோழனிடம் சொல்லியிருக்கிறேன். கடித்திருக்கும். நிதானமாக, வயிறு முட்ட, யாரும் விரட்டாமல்.

மூச்சை விடு, இழு. இரண்டு துளை, அது போதும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மூத்திரம் போகிற சுவர் முழுக்க மஞ்சள் சுண்ணாம்பு அடித்து நீல எழுத்தில் எழுதியிருக்கும். உணர்ச்சியற்ற தேமல். ஆறாம் வகுப்பில் அதைப் படித்துவிட்டு, தேமலுக்கு எப்படி உணர்ச்சி வரும், அது அழுமா என்று கேட்டேன், பசங்க ஒரு வாரம் என்னை அழுவுற தேமல் என்று கூப்பிட்டார்கள். அதற்குக் கீழே அந்த நோயின் பேர் இருக்கும். பேர் வேண்டாம். அதற்கும் கீழே, குணமாகும், மருந்து இலவசம் என்று இன்னும் சின்ன எழுத்தில் இருக்கும், அது சரியாக மூத்திரம் படுகிற உயரம், பாதி அழிந்து குண என்பது மட்டும் நிற்கும். பேர் மட்டும் மேலே, ஒருத்தன் கைக்கும் எட்டாத உயரத்தில், பளிச்சென்று. பெரியப்பாவை யாரும் அந்தப் பேர் சொன்னதில்லை. சென்னியப்பன் பெரியப்பா. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனி அறை, தனி ஈயத் தட்டு, அவருக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும் என்று சொல்வார்கள், நாங்களும் நம்பினோம். எங்களுக்கு அவர் வித்தைக்காரர். அடுப்பில் கனிகிற கங்கை விரலால் எடுத்து பீடி பற்ற வைப்பார். இடுக்கி கிடையாது, குச்சி கிடையாது, பூ எடுக்கிற மாதிரி எடுப்பார். பெரியப்பா, நெருப்பு எடு பெரியப்பா என்று சுற்றி நிற்போம், அவர் எடுப்பார், உள்ளங்கையில் வைத்து உருட்டுவார், கருகுகிற வாசனை வரும், அது பீடி வாசனை என்று நினைத்துக்கொண்டு கை தட்டுவோம். அவரும் சிரிப்பார். அவர் முகத்தில் அப்போது ஒரு வலியும் இருக்காது, எனக்கு இப்போது அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது, இந்த இருட்டில், கருகுகிற கைக்கு மேலே நிம்மதியாக இருக்கிற ஒரு முகம். ஒவ்வொரு வருஷமும் விரல் ஒரு கணு குட்டையாயிற்று. நாங்கள் கேட்டோம், எலி தின்னுடுச்சு என்றார் அப்பா, அதையும் நம்பினோம். எத்தனை தரம் கை தட்டியிருப்பேன்? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கணு என்று வைத்தால் கூட. வேண்டாம். அவர் செத்து எத்தனை வருஷம், எனக்கு ஒன்பது வயது, இப்போது இருபத்தாறு, பதினேழு வருஷம் ஒன்று உடம்புக்குள் படுத்துத் தூங்க முடியுமா, மரப்பட்டை ஒட்டுகிற நாளுக்காகக் காத்துக்கொண்டு? கம்முதான். கம்மாகவே இருக்கட்டும். ஆனால் குளிர்?

மாவுக்கட்டுத் துணி ஏறத் தொடங்கியது. ஈரமாக, கனமாக, ஒன்றின் மேல் ஒன்று. முகம் கீழே போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் அப்பா ராயபுரத்தில் சுரூபம் செய்கிறவர், மாதா, சூசையப்பர், சிலுவையில் தொங்குகிற சேசு. பத்து வயதில் அக்காவுக்குக் கொடுத்த வேலை காயத்துக்குச் சாயம் வைப்பது. விலாக் காயத்துக்கு மூன்று சிவப்பு, நடுவில் ஒரு நூல் அளவு கறுப்பு, கறுப்பு வைக்கவில்லை என்றால் குங்குமம் மாதிரி இருக்கும் என்று அப்பா தலையில் குட்டுவாராம். முட்டிக் காயம் பார்த்து யாராவது ஒரு கிழவி அழுதால் அன்றைக்கு அக்காவுக்கு பன் பட்டர் ஜாம். அந்தக் கைதான் இப்போது என் மேல் இருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கிற போட்டோக்களை நினைக்க வேண்டாம் என்று நினைத்தேன், நினைத்த உடனே அவை வந்துவிட்டன. பழைய டாக்டர் புத்தகத்திலிருந்து எடுத்த பதினொரு முகம், யாரென்று தெரியாமலிருக்கக் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. டைரக்டர் கொடுத்த மாதிரிகள். போன வாரம் நான்தான் ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அக்கா எனக்கு இந்த மூக்கு வைங்க, இது சூப்பரா இருக்கு என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். கடையில் செருப்பு எடுக்கிற மாதிரி. அந்த மூக்குக்காரருக்கும் ஒரு காலத்தில் ஒரு ரூபாய் அளவில்தானே இருந்திருக்கும், அவரும் எண்ணெய் தடவியிருப்பார், அவர் முகத்திலும் யாரோ ஒரு பக்கம் அவருக்குத் தெரியாமல் ஒரு ரப்பர் தோலை ஒட்டியிருப்பார்கள். அதுதான், அதேதான், என் கன்னத்தில் இருக்கிற இது யாரோ ஒட்டினது. கம்மே இல்லாமல், ஓரம் தெரியாமல், முடி வேர் விட்டு, என்னோடு சிரிக்கிற மாதிரி, ஜெசிந்தா அக்காவால் கூட முடியாத வேலை. அது என்னுடையது இல்லை. என் முகத்தில் வேறு ஒருத்தர் குடி வந்திருக்கிறார். தாத்தா ஒரு கதை சொல்வார், முதுகில் வாய் இருந்தவன் கதை. ஒரு ஊர்ல ஒருத்தனுக்கு முதுகுல ஒரு வாய் இருந்துச்சாம், அவன் முன்வாயால என்னத்தைச் சொல்லாம முழுங்குறானோ அதையெல்லாம் அந்தப் பின்வாய் சந்தையில நின்னு சத்தம் போட்டுச் சொல்லுமாம், மாமனார் வீட்டுலயும் சொல்லுமாம். அவன் துண்டைக் கட்டிப் பார்த்தான், கேக்கல. கடைசியில ஏரிக் களிமண்ணைக் குழைச்சு அப்பி, வெயில்ல காய வெச்சு, ஓடு மாதிரி ஆக்கிட்டானாம். சத்தமே இல்ல. கல்யாணம் ஆச்சு, மாலை மரியாதை ஆச்சு. அப்புறம் என்று கேட்போம். அப்புறம் என்னா, பேச விடலைன்னா வாய் சும்மா இருக்குமா, உள்பக்கமாத் திங்க ஆரம்பிச்சுது என்று சொல்லிவிட்டுத் தாத்தா வெற்றிலையைத் துப்பப் போய்விடுவார். எந்த வரை தின்றது என்று அவர் சொன்னதே இல்லை. முதுகிலிருந்து தொடங்கினால் முதலில் என்ன வரும், நுரையீரலா, ஈரலா. நான் ராத்திரி முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுப்பேன்.

வலது கன்னத்தில் வெதுவெதுப்பு வந்தது. முதலில் வெயில் பட்ட மாதிரி, பிறகு சோறு கட்டின இலை மாதிரி. வலது விரலைத் தூக்கினேன். கிணற்றுக்கு மேலேயிருந்து அக்காவின் குரல், ஆங், வலது வந்துடுச்சு. பிறகு ஒன்றும் இல்லை. என் இடது கைக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு விரல், அவ்வளவுதான். தூக்கினால் முப்பது நாள் வேலை, ஐந்து வசனம், திரையில் என் பேர், அம்மா அரூர்த் தியேட்டரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தூக்கவில்லை என்றால் சுவரில் எழுதியிருக்கிற பேர். மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமாம், போய்விடும்தான், ஆனால் அந்தப் பேர் எந்த மாத்திரையில் போகும், எந்த மேக்கப்காரர் அதற்கப்புறம் என் முகத்தில் கை வைப்பார், பாய் தன் மணிக்கட்டை என் பக்கம் நீட்டுவாரா? ஜமீன்தாராக நான் அழுகினால் கை தட்டுவார்கள். நானாக இருந்தால்? முப்பது நாளும் அந்த இடத்தின் மேலேயே கம்மு போட்டு ஒட்டிப் பிய்த்து ஒட்டிப் பிய்த்து, தோலோடு வந்தாலும் எனக்குத் தெரியாது, நான் அமைதியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பெரியப்பா மாதிரி. இடது விரல் எழுந்தது. நான் தூக்கினேன் என்று சொல்ல முடியாது, அதற்கு என்னைவிட நன்றாக நடிக்கத் தெரிந்திருந்தது. உடனே எழவில்லை, வலதுக்குப் பின் கொஞ்சம் தயங்கி, மெதுவாக, நிஜமாகச் சூடு ஏறுகிற மாதிரி எழுந்தது. ரெண்டும் ஆச்சு என்றார் அக்கா. பையன் கில்லாடி, கல்லு மாதிரி கெடக்குறான் என்றார் பாய். இவ்வளவு சுலபமா, என்று இருந்தது. அடுத்து வலது சூடு உச்சிக்குப் போய், நின்று, மெல்ல வடிந்தது. வலது விரலை இறக்கினேன். இடது நின்றது. கூடவே இறக்கியிருக்கலாம், கூடவே ஏறவில்லையே, கூடவே இறங்கினால் சந்தேகம் வரும், கொஞ்சம் பொறுத்து இறக்கலாம் என்று எண்ணத் தொடங்கினேன், இருபது வரை, நாற்பது வரை, எது சரியான எண்? அந்தப் பக்கம் துணியை எத்தனை சுற்று வைத்தார்கள் என்று தெரியாது, இன்னும் கொதிக்கிறதா, ஆறிவிட்டதா, யாரைக் கேட்பது, என் கன்னத்தைப் பற்றி நான் யாரிடம் விசாரிப்பது? விரல் அந்தரத்தில் நின்றது. அக்காவின் குரல் பக்கத்தில் வந்தது, இடது இன்னுமாடா சுடுது? விரல் அப்படியே நிற்கிறது. எரியுதா? என்ன செய்தால் எரியவில்லை என்று ஆகும், என்ன செய்தால் எரிகிறது என்று ஆகும்? விரல் பாதி இறங்கி மறுபடியும் ஏறியது. பாய், தூக்குங்க, பையனுக்கு வெந்துடப் போகுது, தூக்குங்க.

முகத்தை உரித்து எடுத்தார்கள். காற்று வலது பக்கம் மட்டும் வந்தது. பஞ்சைப் பிடுங்கினார்கள், கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கண்ணைத் தொறக்காத, இமையில மாவு ஒட்டிக்கினு இருக்கு, தொடைச்சு விடுறேன் என்றார் அக்கா.

"இன்னாடா தீர்த்தா, ஜில்லுன்னு இருக்கு. எப்பவோ ஆறிப்போச்சு. எதுக்குடா விரலைத் தூக்கினே இருந்த?"

அக்கா கையை வைத்துப் பார்த்திருக்கிறார். இடது கன்னத்தில். வைத்தது எனக்குத் தெரியவில்லை.

பொய் நிறையக் கையில் இருந்தது. பதற்றம் என்று சொல்லலாம், விரல் மரத்துப்போச்சு என்று சொல்லலாம், பாய் அதற்கும் ஒரு ஜோக் அடிப்பார், மத்தியானம் பிரியாணி வரும். உதட்டில் மாவு காய்ந்து இழுத்தது.

"அந்தப் பக்கம் எனக்குச் சூடு தெரியலக்கா. குளிரும் தெரியல. இது கம்மு இல்ல."

பாய் கையில் அச்சு இருந்திருக்க வேண்டும், அதை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது, ரொம்ப ஜாக்கிரதையாக வைக்கிற சத்தம். அக்காவின் கை இப்போது எங்கே இருக்கிறது? அழுத்தினால் எலும்பில் தெரியும், சும்மா வைத்திருந்தால் தெரியாது. எடுத்துவிட்டாரா? எடுத்திருந்தால் எப்போது எடுத்தார், இது கம்மு இல்ல என்பதற்கு முன்னாலா, பின்னாலா? இப்படியே படுத்திருந்தால் கை அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருக்கலாம். அக்கா மூச்சு விடுவது கேட்டது. பாய் தொண்டையைச் செருமினார். நான் இமையைப் பிரித்தேன், மாவு கண்ணுக்குள் உதிர்ந்து எரிந்தது. கலங்கலாக அக்கா தெரிந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. கை அங்கேதான் இருந்தது. எடுக்க மறந்திருந்தார்.